முளையில் தெரிந்தது விளைச்சலில் ஏன் தெரியவில்லை?

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் எழுதியதன் சுருக்கம்: பத்தாவது வரை கணக்கில் நூற்றுக்கு நூறு. புத்தகத்தைத் தொடவே மாட்டார், ஆனாலும் மார்க் வரும். "இவனுக்குப் பொறப்புலயே மூளைங்க" என்று வாத்தியார் முதல் பெரியப்பா வரை சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இன்று பொறியியல் முடிந்து ஒரு வருடம் ஆகிறது, நாலு அரியர் மிச்சம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இவரைப் பார்த்துக் கணக்கு எழுதிய நண்பன் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மிஷினுக்கு புரோகிராம் போடுகிறான். "பிறவித் திறமை என்று ஒன்று உண்டா இல்லையா? உண்டென்றால் என்னுடையது எங்கே போனது?"

எங்கேயும் போகவில்லை, தம்பி. பத்தாவதில் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் பாடம் மட்டும் நகர்ந்து போய்விட்டது.

நான் வாத்தியார் இல்லை. கோவையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் பட்டறை நடத்தியவன். ஐடிஐ முடித்தவர்கள், எட்டாவதோடு நின்றவர்கள் என்று எத்தனையோ பையன்கள் என்னிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதை அப்புறம் சொல்கிறேன்.

புதுப் பையன் வந்தால் ஆரம்பத்தில் மிஷின் பக்கமே விட மாட்டேன். வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, கையில் ஒரு அரம். நாலு ஓரமும் மட்டமாக, நாலு மூலையும் சரியாகத் தொண்ணூறு டிகிரியாக ராவ, அதாவது அரத்தால் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். ராவியதும் மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரம் மட்டமாக இருந்தால் இருட்டு. எங்காவது பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் முடி அளவுக்கு வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

கேட்க சுலபமாக இருக்கும். அரத்தைத் தள்ள ஆரம்பிக்கும்போது நுனியில் இருக்கிற இடது கை அழுத்த வேண்டும். போகப் போக அந்த அழுத்தம் குறைந்து, பிடியில் இருக்கிற வலது கைக்கு மாற வேண்டும். நடுவில் இரண்டும் சமம். திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது, ஏனென்றால் அரம் போகும்போதுதான் வெட்டும். இந்தக் கைமாற்றம் பழகாதவரை அரம் தராசு மாதிரி ஆடும். ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். புதிதாக அரம் பிடிக்கிறவர்களுக்கு நடுமேடு விழாமல் இருக்காது.

ஒரே மாதத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் அன்னூர், இன்னொருவன் சூலூர் பக்கம். அன்னூர்ப் பையனுக்குக் கை இருந்தது. பட்டறைக்காரர்கள் 'கை இருக்கு' என்று சொல்வோமே, அது. முதல் நாளே அவன் துண்டில் நடுமேடு லேசாகத்தான் இருந்தது. நான் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "கைன்னா இதுதாண்டா கை" என்றேன். சூலூர்ப் பையனின் துண்டு எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. யாரும் அதைத் தூக்கிக் காட்டவில்லை.

வித்தியாசம் இரண்டாவது வாரத்தில் தெரிய ஆரம்பித்தது. அன்னூர்ப் பையன் மூலைமட்டத்தை ஒரு தடவை வைத்துப் பார்ப்பான். மெலிதாக வெளிச்சம் தெரியும். "போச்சாதுங்ணா, வெளிய தெரியாது" என்று துண்டைக் கீழே வைத்துவிடுவான். மற்றவர்களின் துண்டைவிட அவனுடையது நன்றாகத்தான் இருந்தது, அதனால் நானும் விட்டுவிட்டேன். சூலூர்ப் பையன் நாலு இழுப்பு இழுத்தால் ஒரு தடவை டியூப் லைட்டைப் பார்ப்பான். மேடு இருக்கிற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியை மட்டும் ராவுவான். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "எப்பவும் வலது பக்கமே எறங்குதுங்ணா. நான் நிக்கிறதுல ஏதாச்சும் தப்பா?" என்று கேட்டான்.

போய்ப் பார்த்தேன். தப்பு அவன் நிற்பதில் இல்லை. வைஸின் உயரம் ராவுகிறவனின் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவன் குள்ளம். தோள் தூக்கிக்கொண்டு நின்றதால் கை இறங்கிப் போயிருக்கிறது. ஒரு பலகையை எடுத்து அவன் காலடியில் போட்டேன். அந்த வாரமே ஓரம் இருட்டாக வந்துவிட்டது. ஆறு மாதத்தில் அவனை லேத்தில் நிறுத்தினேன். அன்னூர்ப் பையன் அதற்குள் "இந்த வேலை எனக்குச் சலிச்சுப் போச்சுங்ணா" என்று செல்போன் கடைக்குப் போய்விட்டான். அவன் போனதில் பாதிப் பழி எனக்குத்தான். முதல் நாளே அவன் துண்டைத் தூக்கிக் காட்டியிருக்கக் கூடாது.

இப்படி நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். போட்டு முடித்ததும் ஒரு கூட்டத்தை "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு கூட்டத்தை "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் நிறையப் பேர் சுலபமானதைக் கேட்டார்கள். கடினமான புதிர் கொடுத்துத் தோற்க வைத்தபின், முன்பு போட்ட அதே தரத்துப் புதிரைக்கூட அவர்களால் முன்போல் போட முடியவில்லை. எனக்கு மறக்காமல் நிற்பது கடைசி விஷயம். எத்தனை மார்க் என்று முகம் தெரியாத பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலிக் கூட்டத்தில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். பெயரைக் காப்பாற்ற வேண்டுமே!

நீங்கள் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனபோது வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

சரி, பழமொழிக்கு வருவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறார்கள். நெல்லுக்கும் சோளத்துக்கும் எப்படியோ, உங்கள் ஊர்ப்பக்கத்து மஞ்சளுக்கு இது பொருந்தாது என்பதை உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் ஐப்பசியில் இடுப்பளவுக்குத் தழைத்து நிற்கும். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் "இந்த வருசம் அள்ளீருவீங்க" என்பார்கள். யூரியாவை அள்ளி வீசியிருந்தால் அத்தனையும் இலையாகவே போயிருக்கும். தண்ணீர் தேங்க விட்டிருந்தால் அடியில் கிழங்கு அழுகியிருக்கும். களை வெட்டி, மண் அணைத்து, வடிகால் பார்த்தவனுக்குத்தான் தை, மாசியில் வெட்டும்போது விஷயம் தெரியும். வெட்டினால் மட்டும் முடிந்ததா? வேக வைத்து, களத்தில் நாள் கணக்கில் காய வைத்து, பாலிஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறு என்று பிரித்த பிறகுதான் ஈரோட்டு மண்டியில் விலை பேசுவார்கள். இலையைப் பார்த்து விலை வைக்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

முளையைப் பார்த்து விளைச்சல் சொல்ல ஒருவர் பெரிய அளவில் முயன்றிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் அறிவுத்திறன் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த சுமார் 1,500 பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து வாழ்நாள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாகத்தான் வந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், தேர்வு வைத்துப் பார்த்து மார்க் போதாது என்று ஒதுக்கியவர்களில் இரண்டு பேர் பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள்: 1956-ல் வில்லியம் ஷாக்லி, 1968-ல் லூயிஸ் ஆல்வரெஸ். டெர்மன் தன் பிள்ளைகளிலேயே மிக நன்றாக வந்தவர்களையும் பின்தங்கியவர்களையும் பிரித்து ஒப்பிட்டார். மூளை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எடுத்ததை விடாமல் முடிக்கும் குணம், தன்மேல் நம்பிக்கை, கூடவே அப்பா படித்தவரா என்பது ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கடைசி விஷயத்தை மேடையில் பேசுகிறவர்கள் நைசாக விட்டுவிடுவார்கள். நான் விட மாட்டேன், பின்னால் வருகிறேன்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு நாடு முளையில் தெரிந்த பயிர் இல்லை. தஞ்சாவூர் மாதிரி ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல் இங்கே கிடையாது. மேற்கு மலை தென்மேற்குப் பருவமழையை மறைத்துவிடுகிறது. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேல், கோயமுத்தூருக்கு 700 கிடைத்தால் பெரிது. நம் பேச்சிலேயே இது இருக்கிறது பாருங்கள். வானம் பார்த்த நிலத்துக்கு நாம் வைத்த பெயர் காடு. அதே நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால் அதன் பெயர் தோட்டம். மண் ஒன்றுதான். நடுவில் பாறையை உடைத்து ஒரு குடும்பமே இறங்கி வெட்டிய கிணறு இருக்கிறது. வெட்டிய பிறகும் விடியுமுன் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்ட வேண்டும். கவலை என்றால் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது, சால் என்றால் தண்ணீர் மொள்ளும் பாத்திரம். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் வந்தால் சால் கீழே போகும். என் அப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டிக்கொண்டே தூங்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். பாதிதான் நம்புவேன்.

ஆனால் கவலையை மட்டும் நம்பியிருந்தால் கோயமுத்தூர் இன்றைய கோயமுத்தூர் ஆகியிருக்காது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. மில்கள் பெருகின, கிணற்றுக்கு மோட்டார் வந்தது. மோட்டாரை இங்கேயே செய்யலாம் என்று இறங்கினவர்கள்தான் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும். 1937-ல் அவர்கள் செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். மோட்டார் வந்ததால் இரும்பை உருக்கி வார்க்கிற பவுண்டரி வந்தது, பவுண்டரிக்குப் பின்னால் லேத் வந்தது, லேத்துக்குப் பின்னால் என்னை மாதிரி ஆட்கள் வந்தோம். அந்த அன்னூர்ப் பையன் கையில் அரம் வந்ததே கிணற்றில் தண்ணீர் கீழே போனதால்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் வரலாறு.

ஜி.டி. நாயுடுவைப் பிறவி மேதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கலங்கலில் 1893-ல் பிறந்தவர், பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, ஓட்டுவதைவிட ஆசையாகப் பிரித்து மாட்டினார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார், அதைத் தானே ஓட்டினார். அவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் வேடிக்கை பார்த்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அதற்காக மேஜை துடைக்கப் போனவர் அவர்.

கிரிக்கெட் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் மேட்ச். அதிலேயே பந்து எறிவது போல இருக்கிறது, முழங்கை சந்தேகம் என்று புகார் வந்துவிட்டது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வேகப்பந்து வீச்சாளர் ஆக்‌ஷனை மாற்றுவது என்றால் சும்மா இல்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டதை, எது தனக்குப் பிறவியில் வந்தது என்று ஊர் புகழ்ந்ததோ அதையே பிரித்து, மறுபடி மாட்ட வேண்டும். பயிற்சியாளர் உதவியோடு அதைச் செய்தார். 2017-ல் ஐபிஎல்லில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது, பெரிதாகச் சோபிக்கவில்லை. ஹைதராபாத்துக்குப் போனார். 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடாமல் பெஞ்சில். 2020-ல் 16 விக்கெட். அதே வருடக் கடைசியில் நெட் பௌலராக, அதாவது பயிற்சியில் மட்டும் பந்து போடுகிறவராக ஆஸ்திரேலியா போனவர், ஒருநாள், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான். மற்றவர்களுக்குக் காயம் ஆனதால்தான் இடம் கிடைத்தது, அது அதிர்ஷ்டம் என்பார்கள். ஆமாம், அதிர்ஷ்டம்தான். அந்த நேரத்தில் அவர் அங்கே நெட்டில் பந்து போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. 2014-ல் புரூக் மக்நமாரா என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் பயிற்சியை வைத்து விளக்க முடிந்தது இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18, படிப்பில் வெறும் 4. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் எதுவும் ஆகலாம் என்று சொல்கிறவர்களுக்கு இது சங்கடமான கணக்கு. மிச்சமெல்லாம் பிறவி என்றும் இதற்கு அர்த்தம் கிடையாது. எந்த வயதில் தொடங்கினார்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டில் சோறு இருந்ததா என்பதெல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம். சூலூர்ப் பையனுக்குப் பலகை போட ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் அவன் தோள்தான் வலித்திருக்கும். அப்பா படித்தவரா என்ற டெர்மன் கணக்கும் இதே பலகைதான்.

மாடு மாதிரி உழைப்பதும் நான் சொல்கிற உழைப்பு இல்லை. பல்லடம் பக்கம் என் சொந்தக்காரர் ஒருவர் ஒரே தோட்டத்தில் ஐந்து போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போட்டார். ஒன்றைவிட ஒன்று ஆழம், கடைசியாகப் போட்டது ஆயிரம் அடிக்கு மேல். புகைதான் வந்தது. அவர் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. முதல் போரில் தண்ணீர் வராதபோது ஏன் வரவில்லை என்று நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் பட்டறையிலேயே பதினைந்து வருடம் ராவியும் நடுமேடு போகாத ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக வருவார். மூலைமட்டத்தை வெளிச்சத்துக்குத் தூக்க மட்டும் மாட்டார்.

உங்கள் கதையில் நடந்தது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாவது வரை உங்கள் துண்டில் வெளிச்சம் தெரியவே இல்லை. தெரியாததால் அதைப் பார்க்கவும், பார்த்ததும் அந்த இடத்தை ராவவும் பழக்கமில்லை. உங்கள் நண்பனுக்கு ஆறாவதிலிருந்தே தப்பு வந்துகொண்டிருந்தது. தப்பு வந்தால் பக்கத்து பெஞ்சில் கேட்பது, மறுபடி போடுவது என்று அவனுக்குப் பல வருடப் பழக்கம். கல்லூரியில் இரண்டு பேருக்கும் புரியாத பாடம் வந்தது. அவனுக்கு அது இன்னொரு நாள். உங்களுக்கு, ஊரே கொடுத்த பெயர் போய்விடுமோ என்ற பயம்.

அதனால் நாலு அரியரையும் ஒன்றாகத் தூக்காதீர்கள். கணக்குப் பேப்பர் ஒன்று இருக்கும், அதை எடுங்கள். பழைய கேள்வித்தாளில் ஒரு பெரிய கணக்கு, விடையைப் பார்க்காமல் கடைசி வரை போடுங்கள். தப்பாக வரும், வரட்டும். பிறகு விடையைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டு, முதன்முதலில் எந்த வரியில் வழி தவறியது என்று பார்த்து அங்கே ஒரு புள்ளி வையுங்கள். விடை தப்பு என்று மொத்தமாக அடித்துவிட்டால் எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்தப் புள்ளிகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே மாதிரி இடத்தில்தான் விழுந்திருக்கும். வகைக்கெழுவில் குறி மாறுவதோ, பதினொன்றாவதில் படிக்காமல் தாண்டி வந்த ஏதோ ஒன்றோ. அதை மட்டும் ராவுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் போய் அந்த நண்பனைப் பாருங்கள். புள்ளி வைத்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். பத்தாவதில் அவன் உங்களிடம் கேட்டான், இப்போது நீங்கள் கேட்டால் என்ன குறைந்துவிடும்? கொஞ்சம் நாக்கு இழுக்கும், எனக்குத் தெரியும். கேட்கப் போவது ஒரு கணக்குதானே.

ஒரு மாதம் கழித்து, முதல் தப்பு பெரும்பாலும் எந்த இடத்தில் விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முப்பது வருடம் பட்டறைப் பையன்களின் வேலைச்சீட்டைப் படித்த கண் இது.